கடைமடை ரூமுக்கும் நெட் வரணும்

உங்க வீட்ல வைஃபை ரவுட்டர் எந்த இடத்துல இருக்கு? பெரும்பாலும் ஹால்ல, டிவிக்கு மேல, ஜன்னல் ஓரமா ஒரு ஆணியில தொங்கும். அந்த இடத்தை யார் முடிவு பண்ணினாங்க? கம்பத்துல இருந்து ஃபைபர் இழுத்துட்டு வந்தவர், ஒயர் உள்ள நுழைய எந்த ஜன்னல் வசதியா இருந்துச்சோ அங்கேயே மாட்டிட்டுக் கிளம்பியிருப்பார். அவரைச் சொல்லிக் குத்தம் இல்ல, அடுத்த வீடு காத்துட்டு இருக்கும். ஆனா அன்னைக்கு அவர் அடிச்ச ஒரு ஆணிதான், உங்க வீட்ல யார் நிம்மதியா ஆன்லைன் கிளாஸ் பார்க்கலாம், யார் மொட்டை மாடிக்குப் போய் டவர் தேடணும்னு இன்னைக்கு வரைக்கும் தீர்மானிக்குது.

எங்க ஜெயங்கொண்டம் பக்கம் நிறைய வீடு நீள வீடு. தெருவைப் பார்த்து ஒரு கடையோ திண்ணையோ இருக்கும். அடுத்து ஹால், அதைத் தாண்டி ஒண்ணோ ரெண்டோ ரூம், கடைசியில சமையல்கட்டு, அதுக்கும் பின்னாடி கொல்லை. தறி போட்ட வீடுன்னா இன்னும் நீளம். ஹால்ல நெட் பறக்கும், பின்கட்டுல வட்டம் சுத்தும். பின்கட்டுல யார் இருக்காங்கன்னு பாருங்க. சமைச்சுக்கிட்டே சிங்கப்பூர்ல இருக்கிற அண்ணன்கிட்ட வீடியோ கால் பேசப் பார்க்கிற அம்மா. டிவி சத்தம் இல்லாத ஒரே ரூம்னு அங்க உட்கார்ந்து நீட்டுக்கோ டிஎன்பிஎஸ்சிக்கோ படிக்கிற தங்கச்சி. நெட் யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்க இருக்கிற இடத்துலதான் சிக்னல் கம்மி.

ஃபைனல் இயர்ல இருக்கிற நமக்கு இது இன்னும் நேரடியா வலிக்கும். கம்பெனி ஆன்லைன் டெஸ்ட் லீவுலதான் வரும். கேமரா ஆன்ல இருக்கணும், டேப் மாறக்கூடாது, நடுவுல கனெக்‌ஷன் போச்சுன்னா யார்கிட்ட போய்ச் சொல்றது? "டெஸ்ட் எழுதப் போறேன், யாரும் போன்ல வீடியோ பார்க்காதீங்க"ன்னு சொல்லி, ஒன்றரை மணி நேரம் வீட்டையே நிறுத்தி வைக்கிறோம்.

இதுக்கு இப்ப எல்லாரும் சொல்ற பதில், "மெஷ் வாங்கிடு மச்சான்". மூணு அழகான வெள்ளை டப்பா, வீடு முழுக்க ஒரே வைஃபை பேர், பிரச்சனை முடிஞ்சுதுன்னு விளம்பரம் சொல்லுது. என் கருத்து வேற. மெஷ் வாங்குறது மூணாவது வேலை. முதல் வேலை ஒயர் இழுக்கிறது. ரெண்டாவது வேலை சொந்த ரவுட்டர் வைக்கிறது. இந்த ரெண்டையும் செஞ்சா பல வீட்ல மூணாவது வேலையே தேவைப்படாது. இதோட நாலாவதா ஒண்ணு இருக்கு, அதை யாரும் பேசறதில்ல. நீங்க ஹாஸ்டலுக்குத் திரும்பின அப்புறமும் அந்த நெட்வொர்க் ஓடணும்.

முதல்ல கோளாறு எந்தப் பக்கம்னு பாருங்க

நெட் ஸ்லோவா இருந்தா நாம முதல்ல செய்யறது பிளானை ஏத்துறது. அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் செலவு பண்ணுங்க. ரவுட்டருக்குப் பக்கத்துல நின்னு ஒரு ஸ்பீட் டெஸ்ட், கடைசி ரூம்ல நின்னு ஒரு ஸ்பீட் டெஸ்ட். ரெண்டுலயும் ஒரே மாதிரி மோசமா வந்தா கோளாறு வெளியில, கம்பெனிக்குப் போன் பண்ணுங்க. பக்கத்துல 90 எம்பிபிஎஸ் வந்து, கடைசி ரூம்ல 4 வந்தா கோளாறு வீட்டுக்குள்ள. அப்ப 100 பிளானை 300 ஆக்கினாலும் கடைசி ரூம்ல அதே 4 தான் வரும். மாசாமாசம் கூடுதலா கட்டுற காசு ஹாலைத் தாண்டாது.

லேப்டாப் இருந்தா இன்னும் தெளிவாப் பார்க்கலாம். கடைசி ரூம்ல உட்கார்ந்து உங்க ரவுட்டரோட முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் போட்டு விடுங்க. சில மில்லிசெகண்ட்ல பதில் வந்துட்டே இருந்தா வைஃபை நல்லா இருக்கு. 3, 5, 400, டைம் அவுட், மறுபடி 6 அப்படின்னு குதிச்சா, உங்க டேட்டா இன்னும் வீட்டு வாசலையே தாண்டல. வீடியோ கால் உறையறதுக்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் குதிப்புதான்.

மூணாவது அளவு, சிக்னல் பலம். ஃபோன்ல வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டா டிபிஎம் கணக்குல காட்டும். மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் தாங்கும். மைனஸ் 80-க்குப் போயிட்டா கோடு காட்டும், வேலை நடக்காது. இது லாகரிதம் கணக்குன்னு நமக்குச் சொல்லித் தரணுமா என்ன? 50-க்கும் 80-க்கும் நடுவுல இருக்கிற 30 டிபி, ஆயிரத்துல ஒரு பங்கு. ரூம் ரூமா நடந்து இந்த நம்பரை ஒரு பேப்பர்ல வீட்டுப் படம் வரைஞ்சு குறிச்சு வைங்க. பாதிப் பிரச்சனைக்கு அந்தப் பேப்பரே பதில் சொல்லிடும்.

சிமெண்ட் மாவட்டத்துச் சுவர்

அரியலூர் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் விளையிற மாவட்டம். நம்ம வீட்டுச் சுவரும் அதுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ரெண்டு பக்கமும் பூச்சு, மேல கம்பி கட்டின கான்கிரீட் தளம். வெயிலுக்கும் மழைக்கும் நல்லது. வைஃபைக்கு ஒவ்வொரு சுவரும் ஒரு சுங்கச்சாவடி. வெளிநாட்டு யூடியூப் வீடியோவுல ஒரே ரவுட்டர் வச்சு வீடு முழுக்க நெட் எடுக்கிறவங்க வீட்டுச் சுவர் பல நேரம் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். அவங்க அனுபவத்தை அப்படியே இங்க எடுத்துட்டு வர முடியாது.

வைஃபைக்கு நம்ம நாட்டுல ரெண்டு அலைவரிசைதான் ரொம்ப நாளாப் புழங்குது. 2.4 கிகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாம யாரும் பயன்படுத்தலாம்னு 2005-ல் அனுமதிச்சாங்க. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில 2018 அக்டோபர்ல மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் திறந்து விட்டாங்க. 2.4 சுவரை ஓரளவு தாண்டும், ஆனா இடம் ரொம்பச் சின்னது. ஒண்ணு மேல ஒண்ணு மோதாம மூணு சேனல்தான் கிடைக்கும்: 1, 6, 11. பக்கத்து வீட்டு ரவுட்டர், எதிர் வீட்டு ரவுட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே சந்துலதான் போகணும். 5-ல இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனா சுவர்ல சீக்கிரம் சோர்ந்துடும். அதனாலதான் ஹால்ல 5-ல இருந்த ஃபோன், பின்கட்டுக்குப் போனதும் 2.4-க்கு இறங்கி ஊர்ந்து போகுது.

"ஆறு ஆண்டெனா ரவுட்டர் வாங்கினா சரியாயிடுமா?" கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். வைஃபை ரெண்டு பக்கப் பேச்சு. நீங்க மைக் வச்சுப் பேசினா எதிர்ல இருக்கிறவருக்குக் கேட்கும். அவர் மெல்லிய குரல்ல சொல்ற பதில் உங்களுக்குக் கேட்கணுமே? ஃபோன்ல இருக்கிற குட்டி ஆண்டெனாவும் பேட்டரியும் அந்த மெல்லிய குரல். ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும் ஃபோன் திருப்பிக் கத்த முடியாது.

காசு செலவே இல்லாத முதல் வைத்தியம், ரவுட்டரை நகர்த்துறது. வீட்டோட நடுப்பகுதிக்கு, தலைக்கு மேல உயரத்துக்கு, இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், தண்ணித் தொட்டி, பெரிய கண்ணாடி இதையெல்லாம் விட்டுத் தள்ளி. உள்ள வர்ற ஃபைபரை நீட்டிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்க. கேட்டா பல பேர் செஞ்சு கொடுப்பாங்க. ஒரே எச்சரிக்கை, ஃபைபரைச் சுருட்டி ஆணியில இறுக்கிக் கட்டாதீங்க. உள்ள இருக்கிறது கண்ணாடி இழை, கூர்மையா மடங்கினா ஒளி கசிஞ்சுடும்.

மெஷ் என்ன செய்யும், என்ன செய்யாது

மெஷ்ல ஒரு தலைமைப் பெட்டி இருக்கும், அது இன்டர்நெட்டோட சேர்ந்திருக்கும். மத்த பெட்டிகளை நோடுன்னு சொல்வாங்க. நோடு, தலைமைப் பெட்டிகிட்ட இருந்து டேட்டாவை வாங்கி உங்க ஃபோனுக்குக் கொடுக்குது. நோடுக்கும் தலைமைப் பெட்டிக்கும் நடுவுல இருக்கிற பாதைக்குப் பேர் பேக்ஹால். மெஷ் நல்லா ஓடுமா ஓடாதான்னு தீர்மானிக்கிறது டப்பாவோட விலைய விட இந்தப் பேக்ஹால்தான்.

பேக்ஹாலும் வைஃபைலயே நடந்தா என்ன ஆகும்? ஒரு ரேடியோ ஒரு சேனல்ல ஒரே நேரத்துல கேட்கவும் பேசவும் முடியாது. முதல்ல கேட்கணும், அப்புறம் அதையே திருப்பிச் சொல்லணும். ஒரே விஷயம் காத்துல ரெண்டு தடவை போகுது, அதனால வேகம் பாதியாகுது. இன்னொரு நோடு வழியாத் தாண்டினா அதுலயும் பாதி. 100 எம்பிபிஎஸ் கிளம்பி, 50 ஆகி, 25 ஆகும். அதுவும் சிக்னல் சுத்தமா இருந்தா. ட்ரை-பேண்ட் மெஷ்ல பேக்ஹாலுக்குன்னு தனி ரேடியோ இருக்கிறதால இந்த இழப்பு குறையும், ஆனா விலை கூடும், சுவர் அதே சுவர்தான்.

எங்க ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும்: கடைமடை. கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ராஜேந்திர சோழன் வெட்டின சோழகங்கம் இருக்கே, இன்னைக்குப் பொன்னேரின்னு சொல்ற ஏரி, அது நிரம்பிட்டா மட்டும் கடைசி வயல் நனைஞ்சுடாது. வாய்க்கால் தூர் வாரியிருக்கணும், வழியில மடை ஒழுங்கா இருக்கணும். தலைமடையில இருக்கிறவனுக்கு எப்பவும் தண்ணி வரும். கடைமடைக்காரன் கதைதான் வாய்க்கால் எப்படி இருக்குன்னு சொல்லும். உங்க பிளான் ஏரி. பேக்ஹால் வாய்க்கால்.

நோடு வைக்கிற இடத்துலயும் ஒரு குழப்பம் பரவலா இருக்கு. சிக்னல் சுத்தமா இல்லாத ரூம்லயே கொண்டு போய் நோடு வைப்பாங்க. அந்த நோடுக்கே சிக்னல் இல்ல, அது உங்களுக்கு எதைக் கொடுக்கும்? ஃபோன்ல நாலு கோடும் முழுசாக் காட்டும், ஏன்னா நோடு பக்கத்துல இருக்கு. நெட் மட்டும் வராது. வயர்லெஸ் நோடை ரெண்டு ரூமுக்கும் பாதி வழியில, சிக்னல் இன்னும் நல்லா இருக்கிற இடத்துல வைக்கணும்.

மெஷ்ஷோட பெரிய விற்பனை வசனம், "நடந்துக்கிட்டே பேசலாம், கட் ஆகாது". ஃபோன் எந்தப் பெட்டியோட ஒட்டணும்னு முடிவு பண்றது ஃபோன்தான். மெஷ்ல இருக்கிற 802.11 கே, வி, ஆர் வசதிகள் ஃபோனுக்கு வழிகாட்டும், கை மாறுறதை வேகமாக்கும், அவ்வளவுதான். ரெண்டு சாதாரண ஆக்சஸ் பாயிண்டுக்கு ஒரே பேரும் ஒரே பாஸ்வேர்டும் ஒரே பாதுகாப்பு முறையும் வச்சாலும் ஃபோன் தானா மாறிக்கும், நடுவுல ஒரு நொடி இழுக்கலாம். ஒரே இடத்துல உட்கார்ந்து படிக்கிற தங்கச்சிக்கு அந்த ஒரு நொடி ஒரு பொருட்டே இல்ல.

அதனால ஒயர்

ஹால்ல இருந்து பின்கட்டுக்கு ஒரு கேபிள், மாடிக்கு ஒரு கேபிள். இது ரெண்டும் ஒரு நாள் வேலை. செஞ்சு முடிச்சா பல வருஷம் தொட வேண்டாம். கேட்-5இ கேபிளே 100 மீட்டர் தூரம் வரைக்கும் 1 ஜிபிபிஎஸ் தாங்கும். கேட்-6 வாங்கினா இன்னும் நிம்மதி. எந்த மெஷ் கிட்டும் மூணு சுவர் தாண்டி இந்த வேகத்தை, இந்த நிதானத்தோட கொடுக்காது.

வாங்கும்போது ஒண்ணு கேளுங்க: "முழுக் காப்பரா, சிசிஏவா?" சிசிஏன்னா அலுமினியக் கம்பி மேல காப்பர் பூச்சு. விலை குறைவு, ஆனா நெளிச்சா உடையும், தூரம் போனா நம்ப முடியாது. கடைக்காரர் யோசிச்சா நுனியைச் சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அது அலுமினியம்.

கரண்ட் ஒயர் போற பைப்லயே இதையும் நுழைக்காதீங்க. 230 வோல்ட் பக்கத்துல இது போகக்கூடாது, பாதுகாப்பும் இல்ல. தனி பைப் போடுங்க, இல்லன்னா சுவரோரமா பிளாஸ்டிக் கேசிங் ஒட்டி அதுக்குள்ள விடுங்க. வெயில் படுற வழின்னா வெளிப்புறத்துக்குன்னு விக்கிற கேபிளை வாங்குங்க. தனிக் கட்டடமா இருக்கிற கொட்டகைக்கோ பக்கத்து மனை வீட்டுக்கோ காப்பர் கேபிள் இழுக்காதீங்க. இடி மின்னல் நேரத்துல அது ரெண்டு வீட்டுச் சாமானையும் சேர்த்து எரிக்க வழி வச்சுடும். அங்க ஃபைபர்தான் சரி.

முனையில ஆர்ஜே-45 பின் அடிக்கிறது பெரிய வித்தை இல்ல. கிரிம்பிங் டூல் உள்ளூர் சிசிடிவி போடுறவர்கிட்ட இருக்கும். ரெண்டு முனையிலயும் ஒரே வண்ண வரிசை, பெரும்பாலும் டி568பி. எட்டுக் கம்பியும் சரியா உட்காரணும். வேலை முடிஞ்சதும் லேப்டாப்பைச் செருகி லிங்க் ஸ்பீட் பாருங்க. 1000 காட்டணும். 100 காட்டினா முதல்ல முனையைச் சந்தேகப்படுங்க, ஏதோ ஒரு கம்பி சரியா ஒட்டல. நாலு கம்பி இருந்தாலே 100 ஓடிடும், அதனால "நெட் வருதே"ன்னு விட்டுடுவோம்.

கேபிளோட மறுமுனையில என்ன மாட்டுறது? புதுசா வாங்கவே வேண்டாம். பழைய கனெக்‌ஷனோட ரவுட்டர் பரண்ல தூங்குதா, எடுங்க. அது உங்க சொந்தமா, திருப்பிக் கொடுக்க வேண்டியதான்னு மட்டும் பார்த்துக்கங்க. அதுல நாலு மாற்றம்: ஐபி முகவரியை மெயின் ரவுட்டரோட மோதாத மாதிரி மாத்துங்க, உதாரணமா 192.168.1.2. டிஎச்சிபியை ஆஃப் பண்ணுங்க, முகவரி கொடுக்கிறது மெயின் ரவுட்டர் மட்டும்தான். வைஃபை பேரும் பாஸ்வேர்டும் மெயின்ல இருக்கிறதே வைங்க, சேனலை மட்டும் வேறயா மாத்துங்க. கேபிளை வேன் போர்ட்ல விடாம லேன் போர்ட்ல செருகுங்க. முடிஞ்சுது. பரண்ல கிடந்தது இப்ப ஆக்சஸ் பாயிண்ட். இது போதலன்னா, நடந்துக்கிட்டே கால் பேசறதும் சுத்தமா இருக்கணும்னா, அப்ப மெஷ் வாங்குங்க. வாங்கி, நோடை இதே கேபிள்ல சேருங்க. பெரும்பாலான மெஷ் பெட்டிகள் ஒயர் பேக்ஹாலை ஏத்துக்கும், வாங்கறதுக்கு முன்னாடி பின்பக்கம் லேன் போர்ட் இருக்கான்னு பாருங்க. அந்தக் காசு அப்பதான் முழுசா வேலை செய்யும்.

உங்க வீட்டு நெட்வொர்க்குக்கு யார் அட்மின்?

கம்பெனி கொடுத்த பெட்டியில பல நேரம் ரெண்டு வேலை சேர்ந்திருக்கும். ஃபைபர் ஒளியை மின் சிக்னலா மாத்துறது ஒண்ணு, அதுக்குப் பேர் ஓஎன்டி. ரவுட்டர் வேலை இன்னொண்ணு. ஓஎன்டி அவங்களோடதா இருக்கட்டும். ரவுட்டர் உங்களோடதா இருக்கணும்னு நான் சொல்றதுக்கு மூணு காரணம்.

முதல் காரணம், மாறும் வசதி. சின்ன ஊர்ல கனெக்‌ஷன் மாறிட்டே இருக்கும். இந்த ஆபரேட்டர் போய் அந்த ஆபரேட்டர் வருவார், விலை ஏறும், கம்பம் சாயும். ஒவ்வொரு தடவையும் பெட்டி மாறினா வைஃபை பேர் மாறும், டிவி, சிசிடிவி, பிரிண்டர், கடையில இருக்கிற பேமெண்ட் பெட்டி எல்லாத்தையும் மறுபடி சேர்க்கணும். ரவுட்டர் உங்களோடதுன்னா வெளியில இருந்து வர்ற ஒரே ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொண்ணைச் செருகி, தேவைப்பட்டா புது கனெக்‌ஷனோட யூசர்நேமை ஒரு தடவை போட்டா போதும். வீட்டுக்குள்ள யாருக்கும் எதுவும் மாறினதே தெரியாது.

ரெண்டாவது, பாதுகாப்பு. 2016-ல் மிராய்னு ஒரு மால்வேர் உலகம் முழுக்க ரவுட்டரையும் கேமராவையும் பிடிச்சு, அந்த வருஷம் அக்டோபர்ல டின்னுங்கிற டிஎன்எஸ் கம்பெனியைத் தாக்கி, ட்விட்டர் உட்பட பல பெரிய தளங்களைத் திணற வச்சுது. அது பயன்படுத்தின ஆயுதம் என்ன தெரியுமா? தொழிற்சாலையில இருந்து வந்த மாதிரியே யாரும் மாத்தாம விட்ட பாஸ்வேர்டு. சொந்த ரவுட்டர்னா அட்மின் பாஸ்வேர்டை நீங்க மாத்துவீங்க, ஃபர்ம்வேர் அப்டேட் எப்பன்னு நீங்க பார்ப்பீங்க, டபிள்யூபிஎஸ்ஸை அணைச்சு வைப்பீங்க, வர்ற விருந்தாளிக்குத் தனி கெஸ்ட் வைஃபை கொடுப்பீங்க. கம்பெனிப் பெட்டியில இதுல பாதிக்கு உங்களுக்கு அனுமதியே இருக்காது.

மூணாவது, இது உரிமை. ஜெர்மனியில வாடிக்கையாளர் தனக்குப் பிடிச்ச ரவுட்டரை வச்சுக்கலாம், கம்பெனி தன் பெட்டியைத் திணிக்கக்கூடாதுன்னு 2016 ஆகஸ்ட் 1-ஆம் தேதியில இருந்து சட்டமே இருக்கு. நம்ம பக்கம் கேட்டு வாங்கணும். கேட்க வேண்டிய வார்த்தை ரெண்டு: "பிரிட்ஜ் மோட் போட்டுக் கொடுங்க", "பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுங்க". பிரிட்ஜ் மோட்ல ஓஎன்டி வெறும் பாலமா நிக்கும், எல்லா முடிவும் உங்க ரவுட்டர் எடுக்கும். லேண்ட்லைன் ஃபோனோ டிவியோ அந்தப் பெட்டி வழியா வந்தா, அது நிக்காம இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. சில கம்பெனி தருவாங்க, சில கம்பெனி தர மாட்டாங்க. தரலன்னா அவங்க பெட்டியில வைஃபையை அணைச்சுட்டு, அதோட லேன் போர்ட்ல இருந்து உங்க ரவுட்டருக்கு ஒயர் கொடுங்க. இதுல முகவரி மாத்துற வேலை ரெண்டு தடவை நடக்கும், டபுள் நாட்னு சொல்வாங்க. சில கேம், வெளியில இருந்து சிசிடிவி பார்க்கிறது இதெல்லாம் தகராறு பண்ணலாம். படிப்புக்கும் வீடியோ காலுக்கும் டெஸ்டுக்கும் ஒண்ணும் ஆகாது.

தேனியில கத்துக்க வேண்டியது

ஒயர் ரெடி, ரவுட்டர் ரெடி. அப்புறம் ஏன் ஆறு மாசத்துல எல்லாம் படுத்துடுது? இதுக்குப் பதில் நம்ம மாநிலத்துலயே கிடைச்சிருக்கு.

2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான ஆய்வுக் குழுவும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். மருத்துவமனைக்கும் சுற்றியுள்ள ஊர்களில் இருந்த சின்னப் பார்வை மையங்களுக்கும் நடுவில் வைஃபை இணைப்பு கொடுத்தார்கள். நாம வீட்ல வைக்கிற அதே குடும்பத்து விலை குறைவான வைஃபை கார்டு, லினக்ஸ் ஓடுற சின்ன ரவுட்டர் போர்டு, கோபுரத்து மேல திசை பார்த்து வச்ச ஆண்டெனா. கிலோமீட்டர் கணக்குல தூரம். மையத்துல உட்கார்ந்த கிராமத்து நோயாளி, தேனியில இருக்கிற டாக்டர்கிட்ட வீடியோவுல பேசினார். அவ்வளவு தூரத்துல சாதாரண வைஃபை தடுமாறும், ஏன்னா "கிடைச்சுது"ங்கிற பதில் வர்ற வரைக்கும் அதுக்குப் பொறுமை இல்ல. அதனால ஆளுக்கு ஒரு நேரம்னு முறை வச்சுப் பேசுற மாதிரி மென்பொருளையே மாத்தினாங்க.

ஆனா இந்தக் கதையில எனக்குப் பெருசாப் படுறது அந்த மென்பொருள் இல்ல. தேனி இணைப்புகளையும், இமயமலை அடிவாரத்துல தர்மசாலாவில் ஓடின ஏர்ஜல்தி வயர்லெஸ் நெட்வொர்க்கையும் சில வருஷம் நடத்திப் பார்த்த அனுபவத்தை 2008-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையா எழுதினாங்க. கருவிகள் செத்ததுக்குப் பெரும்பாலும் காரணம் ரேடியோ இல்ல, கரண்ட். ஏறி இறங்குற வோல்டேஜ், திடீர்னு பாயுற மின்னழுத்தம், பாதியில நின்னு மறுபடி வர்ற மின்சாரம். ரெண்டாவது பாடம் ஆட்கள். தூரத்துல இருக்கிற நிபுணர் வந்து சரி பண்ற வரைக்கும் காத்திருந்தா நெட்வொர்க் செத்துடும். உள்ளூர்ல இருக்கிறவங்களே பழுதைப் பார்க்கிற மாதிரி சாமான் எளிமையா இருக்கணும், அவங்களுக்குச் சொல்லித் தரணும்.

நம்ம வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். மாதாந்திரப் பராமரிப்புன்னு ஒரு பகல் கரண்ட் போகும். கோடை மழையில அஞ்சு தடவை வந்து போகும். இன்வெர்ட்டர் இருந்தாலும் மாறுற அந்தக் கண்ணிமைப்புல ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். அது எழுந்து, ஓஎன்டி எழுந்து, லாகின் ஆகறதுக்குள்ள உங்க டெஸ்ட் உங்களை வெளிய தள்ளியிருக்கும். ரவுட்டருக்குன்னே 12 வோல்ட் மினி யூபிஎஸ் விக்குது. ஓஎன்டி, ரவுட்டர், பின்கட்டுப் பெட்டி எல்லாத்துக்கும் அது வேணும், ஒண்ணுக்கு மட்டும் போட்டா பிரயோஜனம் இல்ல. அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்க. வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்பியர் அதுக்குக் குறையக்கூடாது.

அடுத்தது ஆட்கள். நீங்க திருச்சியிலயோ சென்னையிலயோ இருக்கும்போது நெட் நின்னா, அம்மா ஃபோன் பண்ணி "அந்தச் சிவப்பு லைட் எரியுதுடா"ன்னு சொல்வாங்க. எந்த லைட்டுன்னு உங்களுக்குப் புரியாது, நீங்க சொல்றது அவங்களுக்குப் புரியாது. அதனால ஒவ்வொரு பெட்டி மேலயும், ஒவ்வொரு கேபிள் முனையிலயும் தமிழ்ல லேபிள் ஒட்டுங்க: "வெளியில இருந்து வர்றது", "மாடிக்குப் போறது", "சமையல்கட்டு". ஒரு பேப்பர்ல நாலே வரி எழுதிச் சுவத்துல ஒட்டுங்க. எந்த லைட் சிவப்பா இருந்தா கம்பெனிக்குப் போன் பண்ணணும், எதை முதல்ல அணைக்கணும், எத்தனை நிமிஷம் கழிச்சு எதை முதல்ல போடணும், கம்பெனி நம்பர் என்ன. பாஸ்வேர்டையும் எழுதி பீரோவுல வைங்க. அப்புறம் அம்மாவையோ தங்கச்சியையோ உங்க முன்னாடியே ஒரு தடவை எல்லாத்தையும் அணைச்சுப் போடச் சொல்லுங்க. உங்களால மட்டும்தான் சரி பண்ண முடியும்னா, அந்த நெட்வொர்க் இன்னும் முழுசா முடியல.

எதிர்க் கேள்விகள்

"5ஜி வந்தாச்சு, ஹாட்ஸ்பாட் போதுமே?" ஹாட்ஸ்பாட் ஃபோன் வச்சிருக்கிறவரோட நடந்து போற நெட்வொர்க். அப்பா கடைக்குக் கிளம்பினா வீட்டு நெட்டும் பைக்ல ஏறிடும். தனி ஃபோனும் தனி ரீசார்ஜும் இல்லாதவங்க, அதாவது மறுபடியும் அம்மாவும் தங்கச்சியும், அவர் திரும்பி வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

"வாடகை வீடு, சுவர்ல துளை போட விட மாட்டாங்க." நியாயம். தட்டைக் கேபிளைக் கதவு இடுக்கு வழியா ஓரமா ஒட்டலாம். அதுவும் முடியாதுன்னா மெஷ்தான் உங்களுக்குச் சரி. ரெண்டே பெட்டி, ஒரே ஒரு தாவல், நோடு பாதி வழியில. மூணு பீஸ் கிட் வேண்டாம்.

"சுவர்ல கேபிள் ஓடினா அசிங்கமா இருக்கும்." டிஷ் ஒயரும் இன்வெர்ட்டர் ஒயரும் ஓடுற அதே சுவர்தானே?

"நான் மெக்கானிக்கல், எனக்கு எதுக்கு இது?" மச்சான், இதுல பாதி வேலை டிரில்லிங், மீதிப் பாதி பைப்பிங்.

லீவுக்கு ஒரு வேலை

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்க டான்ஃபிநெட்னு ஒரு அரசு நிறுவனமே வேலை செய்யுது. தனியார் கம்பெனிகளும் தெருத் தெருவா வர்றாங்க. ஊர் வரைக்கும், வாசல் வரைக்கும் கொண்டு வர்றது அவங்க பொறுப்பு. வாசல்ல இருந்து சமையல்கட்டு வரைக்கும் இருக்கிற அந்த அறுபது அடியைப் பத்தி எந்தத் திட்டமும் பேசாது, அது வீட்டுக்காரங்க வேலை. நாலு வருஷமா ஓஎஸ்ஐ ஏழு லேயரை மனப்பாடம் பண்ணி அஞ்சு மார்க் வாங்குற நாம, முதல் லேயர் வேலையைச் சொந்த வீட்லயாவது செஞ்சு பார்க்கலாம்.

இந்த செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனதும் முதல்ல வீட்டுப் படம் வரைங்க, ரூம் ரூமா நம்பர் குறிங்க. வீட்ல இருக்கிற எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேளுங்க: "உனக்கு எந்த இடத்துல நெட் வேணும்?" இதை இதுவரைக்கும் யாரும் அவங்ககிட்ட கேட்டிருக்க மாட்டாங்க. அவங்க காட்டுற இடத்துக்குக் கேபிள் இழுங்க. வேலை முடிஞ்சதும் ஹால்ல நின்னு ஸ்பீட் டெஸ்ட் எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க. அடுப்படியில இருந்து அம்மாவை ஒரு வீடியோ கால் பண்ணச் சொல்லுங்க. வட்டம் சுத்தாம அஞ்சு நிமிஷம் பேசி முடிச்சாங்கன்னா, வேலை சரியா நடந்திருக்கு.